வீசியெறிந்த குடுக்கை

சாயங்காலம் எங்கள் தூமாரியில் எந்த வீட்டிலிருந்து உரல் சத்தம் வருகிறதோ, அந்த வீட்டில் வள்ளிக்கிழங்கு இருக்கிறது என்று அர்த்தம். வெந்த கிழங்கை உரலில் போட்டு இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று உலக்கை மாற்றி இடிப்பார்கள். தெருக்கோடி வரைக்கும் கேட்கும். வோருவின் வீட்டில் அந்தச் சத்தம் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வந்தது.

அவன் கிழங்குக்குச் சீக்கு. கொடியில் இலை விரியும்போதே மஞ்சள் திட்டோடு விரிந்தது. ஓரம் சுருண்டது. தொடைப் பருமன் கண்ட கிழங்கு முழங்கைப் பருமனாகி, அப்புறம் கட்டைவிரல் பருமனுக்கு வந்துவிட்டது. விளைந்ததை வெட்டித்தானே மறுபடி நட வேண்டும். கிழங்கோடு அதன் நோயும் மண்ணுக்குள் போனது. எங்கள் ஊரில் ஆம்பிளையை அவன் பந்தலில் அடுக்கிய கிழங்கை வைத்துத்தான் எடைபோடுவார்கள். பெண் கேட்டு வருகிறவன்கூடப் பந்தலை ஒருமுறை எட்டிப்பார்த்துவிட்டுத்தான் உட்காருவான்.

பக்கத்து வளவுக்காரன் கூனு வேலிக்கு மேலே தலையை நீட்டிக் கேட்பான்.

"வே வோரு, உம்ம வீட்டு உரலு சத்தத்தையே காணுமே. உலக்கை முறிஞ்சு போச்சோ?"

வோரு உள்ளே வந்து பொண்டாட்டி தாதோவைத் திட்டுவான். அவள் அந்தத் திட்டை அப்படியே வாங்கி ஆட்டுக்குட்டி மேல் இறக்குவாள்.

அந்த வருஷம்தான் வோருவின் தங்கை பாக்கே புருஷன் வீட்டை விட்டு வந்தாள். அவன் இன்னொருத்தியைக் கட்டியதற்காக வரவில்லை. எங்கள் பக்கம் அது வழக்கம்தான். புதியவளுக்கு இவளுடைய அடுப்பைக் கொடுத்துவிட்டு, வெளியில் மூன்று கல் வைத்துச் சமைத்துக்கொள் என்று சொல்லியிருக்கிறான். பாக்கே அந்த மூன்று கல்லையும் ஒவ்வொன்றாகத் தூக்கி அவன் கட்டில்மேல் வைத்துவிட்டு நடந்தே வந்துவிட்டாள்.

தாதோ, செத்துப்போன மாமியாரின் குடிசையை அவளுக்குத் திறந்துவிட்டாள். திறந்த கையோடு சொன்னாள்: "அடுப்பு ஒண்ணுதான் இருக்கு. முதல்ல நான் சமைப்பேன்."

"பெறகு நான் சமைப்பேன் மைனி. நெருப்பு தேஞ்சா போயிரும்?" என்றாள் பாக்கே.

சண்டை அன்றைக்கு ஆரம்பித்தது.

வடக்கேயிருந்து புழுதிக்காற்று வீச ஆரம்பித்திருந்த நேரம். உதடு வெடிக்கும், கண்ணில் மண் விழும், பகலெல்லாம் சூரியன் சாம்பல் பூசினாற்போல் நிற்கும். பாக்கே விறகுக்கு ஓடைக்காட்டுக்குப் போனாள். அங்கே பாறை இடுக்குகளில் காட்டுவள்ளி உண்டு. கிழங்கு ஆழத்தில் இருக்கும், சுற்றி முள்வேர் காவல் இருக்கும், தோண்டுகிறவன் கை கிழியும். தோண்ட முடிந்ததையெல்லாம் ஊர்க்காரர்கள் எப்போதோ தோண்டிக் கொண்டுவந்து வயலில் பழக்கிவிட்டார்கள். மிச்சம் நிற்பதெல்லாம் பாறைக்குள் வேர்விட்டது, கடப்பாறைக்கும் அசையாது.

மழைக்காலத்தில் பிறந்த வீட்டுக்கு வந்துபோகையில் அந்தக் கொடிகளை அவள் பார்த்திருக்கிறாள். ஓர் இலையிலும் திட்டு இல்லை. இப்போது கொடி காய்ந்து மரத்தில் தொங்கியது. கொடி நிறைய மூன்று இறக்கை வைத்த காய்கள், காய்ந்து வெடிக்கிற பதத்தில். ஒன்றை உடைத்தாள். வெங்காயச் சருகு மாதிரி மெல்லிசாக ஒரு தாள், அதற்கு நடுவில் துவரம்பருப்பைத் தட்டி வைத்தாற்போல் ஒரு விதை. காற்று அதைக் கையிலிருந்தே பிடுங்கிக்கொண்டு போயிற்று. பாக்கே மரத்தில் ஏறினாள். முந்தானைத் துணி நிறைய ஒடித்துக்கொண்டு இறங்கினாள். முழங்காலில் ரத்தம்.

ராச்சாப்பாட்டுக்குச் சோளக்களியும் வெண்டைக்காய்க் குழம்பும். அண்ணன் முன்னால் துணியைப் பிரித்தாள்.

"என்னட்டி இது குப்பை?"

"காட்டுவள்ளி விதை. நடப்போறேன் அண்ணே. சீக்கில்லாத கொடி."

வோரு களியை உருட்டியபடி சிரித்தான். "கிழங்குக்கு விதை கிழங்குதாம்ட்டி. இதைப் போட்டா காத்துதான் மொளைக்கும். அதும்போக, வள்ளி நடுதது பொம்பளை வேலையா?"

"ஆம்பிளை நட்டுக் கிழிச்சதைத்தான் பந்தல்ல பாத்தேனே."

வோருவின் கை வாய்க்குப் போகாமல் நின்றது. அடிப்பான் என்றுதான் தாதோ நினைத்தாள். பிற்பாடு எங்களிடம் சொல்லும்போதும் அடித்திருக்கலாம் என்றுதான் சொன்னாள். ஆனால் அந்த நேரம் வோருவின் மனசில் வேறு என்னவோ ஓடியிருக்கிறது. ஓடைக்கரையில் இருந்த காய்கறிப் பாத்தியில் பாதியைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டான். அது தாதோவின் பாத்தி. வெண்டையும் தக்காளியும் காய்த்துக்கொண்டிருந்த பாத்தி.

பாக்கே மறுநாளே வெண்டைச் செடிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு விதைத்தாள். விதை பறித்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. காலையும் மாலையும் ஓடையில் குழி தோண்டி, ஊறுகிற தண்ணீரைச் சுரைக்குடுவையில் மொண்டு ஊற்றினாள். ஓடை வற்ற வற்றக் குழி ஆழமாயிற்று. கொடியேறத் தடிகூட நட்டு வைத்தாள். ஊர்ப் பெண்கள் தண்ணீருக்குப் போகும்போது நின்று அந்தத் தடிகளைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

எதுவும் முளைக்கவில்லை. புழுதிக்காற்று நின்று, வெயில் ஏறி, மாமரத்தில் பிஞ்சு விட்ட பிறகும் மண் வெறும் மண்ணாகவே இருந்தது. தாதோ பாத்தி ஓரத்தில் வந்து நின்றாள்.

"என் வெண்டையைப் பிடுங்கிட்டுச் சருகுக்குத் தண்ணி ஊத்துதா! ஏட்டி, உன்னைக் கட்டினவன் வெளியே அடுப்பு போடச் சொன்னது ஏன்னு இப்பல்லா தெரியுது."

"மைனி, வாயை அளந்து பேசு."

"எதுக்கு அளக்கணும்? உன் பாத்தியில அளக்கதுக்கு என்ன கெடக்கு?"

பாக்கே குனிந்து மண்ணைக் கிளறினாள். போட்ட விதை போட்டபடியே இருந்தது. அழுகவில்லை, வீங்கவில்லை. நகத்தால் கீறினாள். உள்ளே வெள்ளை. "செத்திருந்தா அழுகணுமே" என்று தனக்குத்தானே சொன்னாள். தாதோவுக்கு அது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. வீட்டுக்குப் போய்ப் புருஷனை அழைத்து வந்தாள். வோரு ஒரு வார்த்தை பேசாமல் மண்வெட்டியால் பாத்தியைப் புரட்டிப் போட்டான். தடிகளைப் பிடுங்கி அடுப்புக்குக் கட்டினான். கிளறிப்போட்ட விதைகளை எறும்பு இழுத்துக்கொண்டு போயிற்று.

வேலிக்கு அந்தப் பக்கம் கூனு காத்திருந்தான்.

"என்ன பாக்கே, கிழங்கு எம்புட்டு ஆழம் போயிருக்கு?"

"சிரிக்காதீரும் கூனு அண்ணாச்சி. நான் விளைவிக்கத்தான் போறேன்."

"விளைவிச்சுட்டு வா தாயி. நீ ஒரு கிழங்கு கொண்டாந்து என் கையில வச்சா, ஓடைக்கு அந்தாண்ட கெடக்க என் கல்லாங்குத்துத் தரிசை உனக்கே விடுதேன். ஊரு கேட்டுக்கட்டும்."

கேட்டுக்கொண்டுதான் இருந்தது. நாலைந்து பேர் நின்று சிரித்தார்கள். வோரு அன்றைக்குத் தங்கையிடம் சொல்லிவிட்டான்: அறுவடை வரைக்கும் கஞ்சி ஊற்றுவான், அதற்கப்புறம் அவள் புருஷன் வீட்டுக்குப் போய்விட வேண்டும்.

பாக்கே எல்லா விதையையும் விதைத்துவிடவில்லை. இரண்டு சின்னச் சுரைக்குடுக்கைகளில் போட்டு, வாயை மெழுகால் அடைத்து, அடுப்புக்கு நேர்மேலே உத்தரத்தில் தொங்கவிட்டிருந்தாள். மக்காச்சோள விதையையெல்லாம் நாங்கள் அங்கேதான் கட்டுவோம். புகை பட்டால் வண்டு வராது. இன்னொரு பிடியை, மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராகச் சுற்றும் விவசாயப் பண்ணைக்காரன் சாபி கேட்டு வாங்கிப்போனான். பண்ணையில் குளிர்ப்பெட்டி இருக்கிறது, அதில் வைத்தால் பல வருஷம் நிற்கும் என்றான். ஒரு பிடிதானே என்று கொடுத்தாள்.

ஒருநாள் தாதோ குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள். கயிறு இற்று ஒரு குடுக்கை அவள் முதுகில் விழுந்து, அங்கிருந்து சட்டியில் விழுந்தது. குழம்பு அவள் காலில் தெறித்தது. குடுக்கையை எடுத்து வாசலுக்கு வந்து, வளவைத் தாண்டட்டும் என்று வீசினாள். கோபத்தில் வீசினால் கை எங்கே கேட்கிறது? அது வெறுமனே கிடந்த கிழங்குப் பந்தலுக்குள் போய் மேலே கூரைப்புல்லுக்கும் கழிக்கும் நடுவில் செருகிக்கொண்டது. நிழலும் காற்றும் உள்ள இடம், கிழங்குக்காகவே போட்ட பந்தல். கிழங்கு இல்லாததால் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை.

"ஒரு குடுக்கை எங்கே மைனி?"

"அடுப்புல விழுந்து எரிஞ்சு போச்சு."

பாக்கே நம்பினாள். அதாவது, தாதோ வேண்டுமென்றே எரித்துவிட்டாள் என்று நம்பினாள். அதற்குப் பிறகு இருவரும் பேசவில்லை. ஒரே உரலில் சோளம் இடிப்பார்கள். உலக்கை மாறி மாறி விழும், கண் சந்திக்காது. உப்பு வேண்டுமென்றால் ஆட்டைப் பார்த்து, "இந்த வீட்டுல உப்புகூட ஒளிச்சுத்தான் வைக்காக" என்பாள் ஒருத்தி. "உப்பு இருக்க இடம் கண்ணு உள்ளவளுக்குத் தெரியும்" என்று மற்றவள் பானைக்குச் சொல்வாள்.

முதல் மழை பெய்ததும் பாக்கே குடிசை முன்னால் பழைய கூடைகளில் மண் நிரப்பி, அடுப்புக்கு மேலே இருந்த குடுக்கையை உடைத்து விதைத்தாள். விதை கருத்துச் சுருங்கியிருந்தது. அழுத்தினால் பொடிந்தது. விடாமல் விதைத்தாள். கூடைகளில் கோரைதான் முளைத்தது. அப்போதுதான் முதல்முறையாக அவள் அழுததை ஊர் பார்த்தது. குடிசை வாசலில் உட்கார்ந்து, மூக்கைச் சிந்திக்கொண்டு, யாரையோ வைதுகொண்டே அழுதாள்.

மழையில் பந்தல் கூரை ஒழுகியது. புல் மாற்ற வோரு அவளைத்தான் ஏறச் சொன்னான். பழைய புல்லை இழுத்தபோது குடுக்கை அவள் மடியில் விழுந்தது. குழம்புக்கறை காய்ந்து ஒட்டியிருந்தது. உலுக்கினாள். சலசலவென்றது. உள்ளே விதை உலர்ந்து, பறித்த நிறத்திலேயே இருந்தது.

கூடைகளில் கோரையைப் பிடுங்கிவிட்டு அதை விதைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை. இருபது நாளுக்குள் ஒரு கூடையில் மண் பிளந்தது. சிவப்பு நூல் மாதிரி ஒரு தண்டு, அதன் நுனியில் நெஞ்சு வடிவத்தில் நகத்தளவு ஓர் இலை. மறுநாள் நாலு. அந்த வாரத்துக்குள் கூடையெல்லாம் பச்சை. ஓர் இலையிலும் திட்டு இல்லை.

தாதோ தண்ணீர்க் குடத்தோடு வந்தவள் அப்படியே நின்றாள். குடத்தை இறக்கினாள். குனிந்து ஓர் இலையைத் தொட்டாள். பல மாதங்களுக்குப் பிறகு நாத்தனாரைப் பார்த்தே பேசினாள்.

"எந்த விதை?"

"நீ எரிச்ச விதை."

"எரிக்கலையே. பந்தல்ல வச்சேன்."

"வச்சியா? வீசினேன்னு சொல்லு!"

"வீசினேன், வச்சேன், என்னவோ. நான் அங்கே போடலைன்னா உன் அடுப்புக் குடுக்கை மாதிரி இதுவும் கருகித்தானே போயிருக்கும்? இதுல பாதி எனக்கு."

பாக்கே கூடைகளுக்குக் குறுக்கே வந்து நின்றாள். "தூக்கி எறிஞ்சவளுக்குப் பங்கா! மரம் ஏறினவ நானு, முழங்கால் கிழிஞ்சது எனக்கு!"

"என் கால்ல குழம்பு கொட்டலியா? இந்தா பாரு தழும்பு. என் வெண்டைப் பாத்தி போகலியா? மரம் ஏறினியே, மொளைக்க வச்சியா? ரெண்டு தடவை போட்டுக் கொன்னுபுட்டு!"

சத்தம் கேட்டு வளவு நிறைந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துச் சாபி மோட்டார் சைக்கிளில் வந்தான். இரண்டு பெண்களும் அவனை ஆளுக்கு ஒரு கையைப் பிடித்து இழுத்தார்கள். பாவம், அவன் கூடைகளைக் கண்டு சந்தோஷப்பட்டவன், எதையும் யோசிக்காமல் உள்ளதைச் சொல்லிவிட்டான்.

"அக்கா, காட்டுல இந்த விதை உதுர்ற காலம் காத்துக்காலம். அப்பமே மொளைச்சா வெயில்ல செத்துரும்லா? அதனால மழை வரைக்கும் தூங்கும். நீங்க பறிச்ச கையோட போட்டு என்னதான் தண்ணி ஊத்துனாலும் முழிக்காது. உலர்ந்த இடத்துல, நெழல்ல, சும்மா கெடந்தாத் தூக்கம் தானாக் கலையும். அடுப்புச் சூடு அதைக் கொன்னுரும். பந்தலுதான் சரியான இடம்."

"கேட்டியா!" என்றாள் தாதோ. "சரியான இடம்!"

"உன்னை யாருலே கேட்டா?" என்று பாக்கே சாபியின் மேல் பாய்ந்தாள். "என் விதையைக் கொண்டுபோனியே, அது மொளைச்சுதா?"

"அது குளிர்ல இருக்குக்கா. இன்னும் தூங்குது. குளிர்ல தூக்கம் கலையாது. ஆனா சாகவும் சாகாது."

தாதோ உள்ளே போய் ஒரு கரித்துண்டோடு வந்தாள். கூடைகளை இரண்டு வரிசையாக நகர்த்தி, தன் வரிசைக் கூடை ஒவ்வொன்றிலும் கரியால் கோடு போட்டாள். பாக்கே தடுக்கப் போனாள். கூடை உடையும் என்று தெரிந்ததும் கையை எடுத்துக்கொண்டாள்.

இதையெல்லாம் வோரு பார்த்துக்கொண்டுதான் இருந்தான். அவன் வயலில் இந்த வருஷக் கொடிகளும் மஞ்சளாக ஏறிக்கொண்டிருந்தன. கழுவிவைத்த பீங்கான் மாதிரிச் சுத்தமாக நிற்கும் நாற்றுகள் தன் வாசலில். அதற்குப் பொம்பளைகள் பங்கு பிரிக்கிறார்கள். வேலிக்கு மேலே கூனு.

"வே வோரு, இனி கிழங்கு வேணும்னா பொண்டாட்டிகிட்டத்தான் கையேந்தணும் போலிருக்கே."

பாக்கே சந்தைக்குப் போயிருந்த காலையில் வோரு ஒரு தட்டுக்கூடையோடு வந்தான். அவள் வரிசையில் இருந்த நாற்றுகளை ஒவ்வொன்றாக வேரோடு பெயர்த்து அடுக்கினான். வளவில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த தாதோ பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வரிசை முடிந்து தன் வரிசைக்கு அவன் கை நீண்டபோது உலக்கையை எடுத்துக்கொண்டு வந்து நடுவில் உட்கார்ந்தாள்.

"அது என் கூடை."

"என் வளவு, என் மண்ணு. எந்திரிட்டி."

"உம்ம மண்ணு உம்ம கிழங்குக்கு என்ன பண்ணிச்சுன்னு பாத்தாச்சு. இதைத் தொட்டீரு, உரல்ல இடிக்கதை உம்ம மண்டையில இடிப்பேன்."

"கட்டினவன்கிட்டயா பேசுத?"

"கிழங்கில்லாதவன்கிட்ட பேசுதேன்."

வோரு நின்றான். உலக்கை கனமான உலக்கை. வீசினால் விழும் என்பது அவனுக்குத் தெரியும். கூடையைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போய்விட்டான்.

பாக்கே திரும்பி வந்தபோது அவள் வரிசையில் குழிதான் இருந்தது.

"நீ பாத்துக்கிட்டா இருந்த?"

"ஆமா."

"தடுக்கலியா?"

"உன் வரிசைக்கு நான் காவலா? என்னதை நான் காத்துக்கிட்டேன்."

பாக்கே வயலுக்கு ஓடினாள். மஞ்சள் கொடிகளுக்கு நடுவே புதிதாகக் குவித்த மண்மேடுகளில் அந்த நாற்றுகள் நின்றன, மேட்டுக்கு ஒன்று. வோரு நிழலில் உட்கார்ந்திருந்தான்.

"பிடுங்கிக் குடு அண்ணே. இங்க நின்னா சீக்கு ஒட்டிரும்."

"நல்ல மண்ணுல நட்டிருக்கேன். கூடையில எம்புட்டு வளரும்? நான் நாப்பது வருஷமா வள்ளி வைக்கேன், நீ எனக்குச் சொல்ல வாரியா?"

"நீ வச்ச வள்ளிதான் ஊரெல்லாம் நாறுதே!"

அன்றைக்கு அடித்தான். கன்னத்தில் ஓர் அடி. பாக்கே விழவில்லை. மண்ணைக் கையில் அள்ளி அவன் முகத்தில் எறிந்துவிட்டு வந்துவிட்டாள். பத்துப் பதினைந்து நாளில் அந்த நாற்றுகளின் இலையில் முதல் திட்டு விழுந்தது என்று வயலுக்குப் போனவர்கள் வந்து சொன்னார்கள். அவள் பார்க்கப் போகவில்லை.

அவள் போனது பண்ணைக்கு. நடையாகவே போனாள். சாபி குளிர்ப்பெட்டியைத் திறந்து பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தான். பாக்கே அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். ஓடைத் தண்ணீரைவிடச் சில்லென்று இருந்தது.

"உடனே போட்டா மொளைக்காதுக்கா. கொஞ்ச நாள் சூடு பழகட்டும். ஆனா மழை முடியப்போகுது. இப்பம் போட்டா கிழங்கு வைக்க நேரம் பத்தாது. அடுத்த வருஷத்துக்கு வச்சா என்ன?"

"அடுத்த வருஷம் நான் எங்கே இருப்பேன்னு நீ சொல்லு, வைக்கேன்."

பாதியைத் திரும்பப் பெட்டியில் வைக்கச் சொல்லிவிட்டு, பாதியை எடுத்துக்கொண்டு வந்தாள். பந்தலில் வைக்கவில்லை, வைத்தால் அதற்கும் ஒருத்தி பங்கு கேட்பாள். தன் குடிசை வாசல் நிலைக்கு மேலே, வெயில் படாமல், துணியில் கட்டித் தொங்கவிட்டாள். தினமும் அண்ணாந்து பார்ப்பாள். தொட மாட்டாள். அந்த நாட்களில் அவள் யாரோடும் சண்டைகூடப் போடவில்லை. தாதோ ஆட்டிடம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள், பதில் வரவில்லை.

கடைசி மழைகளில் விதைத்தாள். கொஞ்சம்தான் முளைத்தது. அவை இரண்டு மூன்று இலை விடுவதற்குள் மழை நின்றது. மறுபடியும் சுரைக்குடுவையில் தண்ணீர் சுமந்தாள். தாதோவின் கூடைகளில் கொடி தடியேறிச் சுற்றிக்கொண்டு நின்றது. பக்கத்தில் பாக்கேயின் நாற்று முழங்கால் உயரம் வரவில்லை. பிறகு புழுதிக்காற்று வந்து எல்லாவற்றையும் ஒரேயடியாகக் காயவைத்தது.

இலை உதிர்ந்ததும் கூடைகளைக் கவிழ்த்தார்கள். ஒரே வாசலில், ஒருத்திக்கு முதுகைக் காட்டி ஒருத்தி. தாதோவின் கூடைகளில் விரல் நீளத்துக்குக் கிழங்கு, கூடைக்கு ஒன்று, சிலதில் இரண்டு. தோல் மெல்லிசு, உள்ளே வெள்ளை. பாக்கேவுக்கு நிலக்கடலைப் பருப்பு அளவில் எட்டோ ஒன்பதோ கிடைத்தது. உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். எழுந்து நேரே கூனு வீட்டுக்குப் போனாள்.

கூனு சோளக்கள் குடித்துக்கொண்டு ஆட்களோடு உட்கார்ந்திருந்தான். அவன் கையைப் பிடித்து விரித்து அந்த மணிகளை வைத்தாள்.

"தரிசைக் காட்டும்."

கூனு கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தான். "இது என்ன, ஆட்டுப் புழுக்கையா?" உட்கார்ந்திருந்தவர்கள் வெடித்துச் சிரித்தார்கள். "கிழங்குன்னேன் தாயி. கிழங்கு!"

"கிழங்குதான். விதையிலேர்ந்து வந்த கிழங்கு. எம்புட்டுப் பெருசுன்னு நீரு சொல்லலை."

"இதைத் தின்னா தொண்டை அரிக்கும், காட்டுச் சனியன். போ, போ. உங்க அண்ணன் மூட்டை கட்டிக் குடுப்பான், புருஷன் வீட்டுக்குப் போ."

அப்போது தாதோ உள்ளே வந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. மடியிலிருந்து விரல் கிழங்குகளை அள்ளிக் கூனுவின் கள் சட்டிக்குப் பக்கத்தில் கொட்டினாள்.

"இது போதுமா?"

சிரிப்பு நின்றது. கூனு ஒன்றை எடுத்தான். நகத்தால் தோலைச் சுரண்டினான். அவனும் வள்ளிக்காரன்தான், சீக்கில்லாத கிழங்கைத் தொட்டால் அவனுக்குத் தெரியும்.

"இது உன்னதுல்லா? நான் இவளுக்குத்தான் சொன்னேன்."

"விதை அவ பறிச்சது. வச்சது நானு. ரெண்டும் ஒரே கொடி. தரிசும் ரெண்டு பாதி. ஓடைப் பக்கத்துப் பாதி எனக்கு."

பாக்கே சட்டென்று திரும்பினாள். "அது எதுக்கு உனக்கு? தண்ணி உள்ள பாதி எனக்கு."

"உன் புழுக்கைக்குத் தண்ணி எதுக்கு?"

"நடுவுல கோடு போடும் கூனு அண்ணாச்சி, ஓடையைத் தொட்டு நெட்டுக்குத்தா. ரெண்டு பேருக்கும் தண்ணி வரட்டும்" என்றாள் பாக்கே.

அங்கே ஊரே உட்கார்ந்திருந்தது. ஊர் கேட்டுக்கொள்ளட்டும் என்று அவன்தான் சொல்லியிருந்தான். கூனு கள்ளைக் குடித்து முடித்துவிட்டு எழுந்துபோய், கல்லாங்குத்துத் தரிசில் ஓடையிலிருந்து மேடு வரைக்கும் கல் வைத்துக் கோடு போட்டுக் கொடுத்தான். "எனக்கும் நாலு கிழங்கு குடுங்க" என்று கடைசியில் மெதுவாகக் கேட்டான். இரண்டு பேரும் கேட்காத மாதிரி நடந்தார்கள்.

வோரு அன்றைக்குச் சாயங்காலம் வயலிலிருந்து வந்தான். அவன் பிடுங்கி நட்ட நாற்றுகளில் கிழங்கு இல்லை; கருத்த வேர்தான் இருந்தது. மேடுகள் குவித்துக் கிடக்கின்றன, நடுவதற்குக் கையில் எதுவும் இல்லை. வாசலில் தங்கையின் மூட்டை கட்டியிருந்தது. தரிசில் குடிசை போடப்போகிறாள். பொண்டாட்டி அடுப்படியில் தன் கிழங்குகளைச் சாம்பல் புரட்டி ஒரு கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அவன் பாக்கேயின் எதிரே வந்து நின்றான். "பண்ணையில கொஞ்சம் விதை வச்சிருக்கியாமே."

"வச்சிருக்கேன்."

"அதுல..."

"தூங்குது அண்ணே. எழுப்பாத." மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டாள். வாசலைத் தாண்டும்போது தாதோவிடம் ஒரு சொல் சொன்னாள்: "குடுக்காத."

"என் பங்கு. நான் என்ன வேணும்னாலும் செய்வேன். நீ யாரு சொல்ல?" என்றாள் தாதோ.

பாக்கே போய்விட்டாள். வோரு அடுப்படிக்கு வந்து குந்தினான். பார்வை கூடையிலேயே இருந்தது. பொண்டாட்டியிடம் கேட்டு அவனுக்குப் பழக்கமில்லை. கை மட்டும் முழங்கால்மேல் விரிந்து கிடந்தது.

தாதோ கூடைக்குள் துழாவினாள். உள்ளதில் பருமனான ஒன்றை எடுத்தாள். அவன் கை அசைந்தது. அவள் அதைக் கங்குக்குள் செருகி மேலே சாம்பலைத் தள்ளினாள். இருவரும் நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெந்த வாசனை வந்ததும் குச்சியால் வெளியே உருட்டி, ஊதி, சாம்பலோடு அவன் முன்னால் வைத்தாள்.

"தின்னு பாரும், தொண்டை அரிக்குதான்னு. நடுததுக்கு மட்டும் தர மாட்டேன்."

வோரு அதை எடுத்தான். சுட்டது. கையை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு ஒரு கடி கடித்தான். மென்றான். அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தோலையும் சேர்த்துத் தின்றான்.